ஏழாம் நம்பர் அறை

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் நான் மேனேஜர். சீசன் நேரத்தில் ஏழாம் நம்பர் குளியலறையில் ஹீட்டர் பைப்பைத் தொட்டால் ஷாக் அடிப்பதாகத் தங்கியவர்கள் சொன்னார்கள். சீசன் வருமானத்தை விட்டு அறையைப் பூட்டிப்போட மனம் வரவில்லை. “செருப்புப் போட்டுக்கிட்டு பைப்பைத் திறங்க” என்று எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு மத்தியானம் அந்தக் குளியலறையைக் கழுவப் போன எங்கள் துப்புரவுப் பணியாளர் மாரியக்கா அலறினார். ஓடிப்போய் மெயினை அணைத்தேன். உயிர் பிழைத்தார்; ஆனால் வலது கை விரல்கள் இன்றுவரை சரியாக மடங்கவில்லை.

தென்காசி ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன்.

“எம்மேலதான் தப்பு அண்ணாச்சி. நீங்க சொல்லியும் செருப்பு போடாமப் போயிட்டேன்” என்றார்.

“இல்லக்கா, தப்பு என்னோடது” என்று சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது.

ஹீட்டரை எலக்ட்ரீஷியன் அரை நாளில் சரிசெய்துவிட்டார். அத்தனை நாள் என்னால் எப்படிச் சமாளிக்க முடிந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அந்தக் குளியலறைக்குள் தினமும் போனது நான் இல்லை.