செத்த கிருமியின் சட்டை

என் அக்கா யாரிடமும் குரல் உயர்த்தியதே இல்லை என்று இன்று அவள் சாவுக்கு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பிறவிக் குணம் என்று நினைத்துக்கொண்டார்கள். வேலை கற்றுக்கொடுத்த பழக்கம் அது.

நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தயாரிக்கும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வயதில் சேர்ந்தாள். புட்டிகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போகுமுன் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து மூன்று முயல்களின் காது நரம்பில் ஏற்றி, அரை மணிக்கு ஒரு தரம் சூடு பார்ப்பது அவள் வேலை. காய்ச்சல் வந்தால் அந்த நீர் ஆகாது. ஆனால் முயல் பயந்தாலும் உடம்பு சுடும். அதனால் துணிச் செருப்பு, வாசனையில்லாத சோப்பு, கிசுகிசுப்புக்குச் சற்று மேலான ஒரு குரல். அந்தக் குரல் வீட்டுக்கும் வந்துவிட்டது. "உங்க அக்காகிட்ட திட்டு வாங்கணும்னா பக்கத்துல போய் காதைக் குடுக்கணும்" என்பார் அத்தான்.

முயலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நான் அடுத்த அறையில் இருந்தேன். அதே நீரைக் கிருமிக்குத் தீனியான திரவத்தில் விட்டு, பதினான்கு நாள் வைத்து, கலங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. எங்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர். அவர் வாய் திறந்தால் ஷிப்ட் மாறுகிறது என்று பையைத் தூக்குவார்கள், அதனால் சைரன்.

ஒரு விடுமுறையில் பம்பு பழுதாகி, தண்ணீர் தொட்டியிலேயே இரண்டு நாள் தேங்கிக் கிடந்தது. சைரன் அதைக் கொட்டவில்லை. புட்டியில் அடைத்து நீராவியில் வேகவைத்தார். என் திரவம் பதினான்கு நாளும் தெளிவாகவே இருந்தது. சுத்தம் என்று கையெழுத்துப் போட்டேன்.

அக்காவின் முறை வந்தது. ஊசி போட்டு அரை மணி ஆகியிருக்கும். சைரன் உள்ளே வந்து கூண்டுத் தகரத்தில் ஓங்கித் தட்டினார். "லாரி வாசல்ல நிக்குது. இங்க என்ன தாலாட்டா பாடறே?"

மூன்று முயல்களும் சுருண்டன. மூன்றுக்கும் காய்ச்சல் ஏறியது. ஏறியதும் அவரே சொன்னார்: "நான் கத்தினதுல பயந்திருச்சுங்க. இந்த டெஸ்ட் செல்லாது. உன் தங்கச்சி சுத்தம்னு எழுதிட்டா. நீயும் போடு."

விதி அவருக்குத் தெரியும். தெரிந்துதான் தட்டினார்.

"நாளைக்கு மறுபடி பாக்கறேன் சார்" என்றாள், அதே குரலில்.

அன்று சாப்பாட்டு அறையில் எங்கள் மேசையில் யாரும் உட்காரவில்லை. ஏற்றுமதிப் பிரிவுக்காரர் என் காதில் படும்படி, "செத்த பாம்பை அடிக்கறா உங்க அக்கா" என்றார். எனக்கும் கோபம்தான். "என் டெஸ்ட் தப்புங்கறியா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"உன்னுதும் சரிதான்டி. நீ கிருமி உயிரோட இருக்கான்னு கேக்கறே. ரத்தத்துல இருக்கற வெள்ளை அணு அதைக் கேக்கறதில்ல. மேல தொட்டுப் பாக்கும். கிருமிக்கு ஒரு சட்டை உண்டு, அந்த மாதிரி நம்ம உடம்புல எங்கயும் கிடையாது. தொட்ட உடனே ஊரைக் கூட்டிரும். அந்தத் தகவல் மூளைக்குப் போய்த்தான் காய்ச்சல் வருது. வேகவெச்சா கிருமி சாகும், சட்டை வேகாது."

"செத்ததுக்குப் போய் எதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"பாம்பு உரிச்ச சட்டையை வாசல்ல பாத்தா நீ மட்டும் படுத்துத் தூங்குவியா? அதோட விட்டாப் பரவால்ல. நிறைய சட்டை ஒரே நேரத்துல நரம்புல போனா, காவலே வீட்டை இடிச்சிரும். ரத்தக்குழாய் கசியும், ரத்த அழுத்தம் விழும். ஆபரேஷன் ஆகிக் கிடக்கறவங்க உடம்பு தாங்குமா?"

மறுநாள் ஆறு புது முயல்களை எடுத்தாள். மூன்றுக்கு அந்தத் தொகுதி. மூன்றுக்குப் போன மாதம் தேறிய நல்ல நீர். ஊசி போட்டு முடித்ததும் கதவை அவளே அகலத் திறந்து, சைரனை அழைத்துவரச் சொன்னாள். பின்னால் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"சார், நேத்து மாதிரி கத்துங்க."

"என்னது?"

"தகரத்துலயும் தட்டுங்க. ஆறும் கேக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். சைரனுக்கு முகம் கறுத்தது. "திமிரா உனக்கு? உன்னைப் பொழுதன்னைக்கும் லேபிள் ஒட்ட வைக்கறேனா இல்லையா பாரு" என்று கத்தினார். தகரத்திலும் ஓர் அறை விழுந்தது.

"போதும் சார், நன்றி" என்று சொல்லிவிட்டு அக்கா கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள்.

நல்ல நீர் ஏற்றிய மூன்றும் கொஞ்சம் சூடேறி, அடுத்த அரை மணியில் இறங்கின. மற்ற மூன்றும் இறங்கவில்லை. மூன்றாவது மணி வரை ஏறிக்கொண்டே போய் ஒன்றரை டிகிரி கூடின. சைரன் அந்தத் தாளை வாங்கி இரண்டு தரம் படித்தார். அக்கா கையெழுத்துப் போடவில்லை. அது இல்லாமல் லாரி நகர முடியாது. சாயங்காலம் காலியாகவே திரும்பிப் போனது. புட்டிகளை உடைத்துச் சாக்கடையில் விட இரண்டு நாள் ஆனது.

சைரன் சொன்னதைச் செய்தார். பத்து நாளில் அவளை லேபிள் பிரிவுக்கு மாற்றினார்கள். பதினோரு வருஷம் லேபிள் ஒட்டினாள். முயல் அறைக்கு வந்த புதிய ஆள் இரும்பு லாடம் அடித்த பூட்ஸ் போட்டு நடந்தான். அதை மட்டும்தான் அவள் குறையாகச் சொன்னாள்.

இன்று சைரனும் மாலையோடு வந்திருந்தார். ஓய்வு பெற்றும் தொண்டை ஓயவில்லை. கூடத்தில் உட்கார்ந்து அத்தானிடம், "அந்தக் கெட்ட தொகுதியை நான்தானே தடுத்து நிறுத்தினேன். உங்க வீட்டம்மா கூடமாட உதவி பண்ணாங்க. பாவம், சாது" என்றார்.

அத்தான் தலையாட்டினார். அவருக்கு எதுவும் தெரியாது. அக்கா வீட்டில் சொன்னதில்லை.

உள்ளே போய் அவள் பெட்டியிலிருந்து அந்தத் தாளின் நகலை எடுத்து வந்தேன். சைரன் பக்கத்தில் போய், அவள் குரலில், குறிப்புக் கட்டத்தைப் படித்தேன்: "பத்து நாற்பது. சூப்பர்வைசர் கத்தினார். ஆறு முயல்களும் கேட்டன."

அத்தான் கையை நீட்டித் தாளை வாங்கினார். சைரன் செருப்பைத் தேட ஆரம்பித்தார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.