அப்பா பார்க்கப் போகும் வீடுகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு விரோதி இருந்தாள். மேட்டு லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருந்தவள், என்னோடு மூன்றாம் வகுப்பில் படித்தவள். அவள் என்னை ஒன்றும் செய்யவில்லை. என் அப்பா தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனார், அவ்வளவுதான்.

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கிறிஸ்தவ சபையின் உபதேசியாராக இருந்தார். குருவானவர் மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்றபடி யார் வீட்டில் நோய், யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் அப்பாவின் பாடு. கோவிலுக்கு வராத வீடுகளுக்கும் போவார். அந்தப் பெண்ணின் வீடும் அப்படித்தான். அவளுடைய அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும்போது சரிவில் உருண்டு தொடை எலும்பை முறித்துக்கொண்டிருந்தார். அம்மா கொழுந்து பறிக்கப் போக, இவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டாள்.

பெண்கள் சமைக்கும்போது தனியாக எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுவரும் கைப்பிடி அரிசியில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குப் போனது. அது போகட்டும். பாடம் விட்டுப்போகக் கூடாதென்று அப்பா தினமும் அவளுக்கு வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தார். என் சிலேட்டை நீட்டினால், "நாளைக்குப் பாப்போம்மா" என்பார். சாப்பிட்டதும் தூங்கிவிடுவார்.

அவர் போகும் வீடுகள் எல்லாவற்றின் மீதும் எனக்கு எரிச்சல் வந்தது. காலொடிந்தவர்களையும் காய்ச்சல்காரர்களையும் நினைத்து வயிறெரிந்தேன். இரண்டு நாள் விடாமல் இருமிப் பார்த்தேன். அம்மா கஷாயம் கொடுத்தாளே தவிர அப்பாவிடம் சொல்லக்கூட இல்லை.

ஞாயிறு மதியங்களில் அப்பா இரண்டு வாலிபர்களுக்கு வீடு சந்திக்கப் பழக்குவார். நான் ஜன்னலடியில் நின்று கேட்பேன். "போனதும் உக்காந்துருங்க. நின்னுக்கிட்டுப் பேசுனா, இவுக இப்பக் கெளம்பிருவாகன்னு தோணும்" என்பார். அரிசியைக் கையில் கொடுக்காமல் அடுப்படியில் வைத்துவிட்டு வர வேண்டும், கோவிலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கவே கூடாது என்றும் சொல்வார். அவர்களிடம் இவ்வளவு பேசுகிறாரே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை எனக்கு வழி புலப்பட்டது. அப்பா பார்க்கிற வீட்டில் நானும் இருந்தால் என்னையும் பார்த்துத்தானே ஆக வேண்டும்? தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறி, அவருக்கு முன்னால் மேட்டு லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

எனக்குக் காய்ச்சல் என்று அவளிடம் சொன்னேன். உன் வீட்டுக்குப் போ என்று அவள் சொல்லவில்லை. "கூதலடிக்கும், போத்திக்கோ" என்று கம்பளியைக் கொடுத்து, அவள் அப்பாவின் பக்கத்தில் பாய் போட்டாள். விரோதியின் கம்பளி கதகதப்பாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா வாலிபர்களோடு வந்தார். என்னைக் கண்டதும் வாசலில் ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். கால் வலியை விசாரித்தார், அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "இந்தப் பாப்பாவுக்கு என்ன?" என்றார்.

"காய்ச்சலாம் ஐயா" என்றாள் அவள்.

அப்பா என் நெற்றியில் கை வைத்தார். அந்தக் கைக்காகத்தானே அவ்வளவு தூரம் ஏறியிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா ஜெபித்தார். அந்த மனிதருக்காக, அவர் மனைவிக்காக, மகளுக்காக வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. என் முறை வந்ததும் நின்றுவிட்டன. வெகுநேரம் காத்திருந்துவிட்டு, வாலிபர்களில் ஒருவர் தானாகவே ஆமென் சொல்லி முடித்தார்.

திரும்பும்போது அப்பா அவர்களை முன்னால் அனுப்பிவிட்டுப் பாதையோரக் கல்லில் உட்கார்ந்தார்.

"காய்ச்சல் இல்லப்பா" என்றேன்.

"தெரியும்மா. பெறகு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. நம்ம வீட்டுக்கு எப்பப்பா வருவீங்க?"

அவர், என்ன பாடம் நடக்கிறது என்று மட்டும் கேட்டார். மஞ்சு இறங்கிப் பாதை மறையும்வரை எனக்குத் தெரிந்த செய்யுளையெல்லாம் ஒப்பித்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து சில சாயங்காலங்கள் அப்பா வீட்டிலேயே இருந்தார். வாலிபர்கள் மட்டும் மேட்டு லயத்துக்குப் போனார்கள். அது சபையில் பேச்சாகிவிட்டது. மூப்பர் ஒருவர் வீட்டுக்கே வந்து, உபதேசியார் சோம்பேறியாகிவிட்டாரா என்று கடுமையாகக் கேட்டார்.

"வாலிபப் பிள்ளைகளும் பழகணும்லா" என்று மட்டும் சொன்னார் அப்பா.

அவர் பக்கத்தில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்த நான் அதை அப்படியே நம்பினேன். அவ்வளவு பெரிய வேலையை அவர்களை நம்பி ஒப்படைத்துவிட்டாரே, என்னிடம் ஓர் அரிசிப் பையைக்கூடத் தரவில்லையே என்று, அந்த இரண்டு வாலிபர்கள் மீதும் வெகுநாள் பொறாமையாக இருந்தேன்.