பெரிய கிராணியின் கார்த்திகை

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணி யாழ்ப்பாணத்தவர். எந்த வெயிலிலும் கோட்டுப் பொத்தானைக் கழற்றமாட்டார். சீமையிலிருந்து தொலைநோக்கி ஒன்றைக் கப்பலில் வரவழைத்து, மாலையில் எங்களை வானம் பார்க்கக் கூப்பிடுவார். அங்கேயும் பதவி வரிசைப்படிதான் நிற்க வேண்டும். கடைசி ஆளான என் முறை வருவதற்குள் மேகம் வந்துவிடும்.

ஒருநாள் மேகம் ஏமாந்துவிட்டது. கார்த்திகைக் கூட்டத்தைக் கண்டு வாயைப் பிளந்தேன்.

"ஐயா, கார்த்திகைப் பொண்ணுங்க ஆறு பேருன்னுதானே சொல்வாங்க? இதுல நாப்பதுக்கு மேல மின்னுதே!"

"ஆறு பேர்தான், தம்பி. மற்றதெல்லாம் டெம்பரரி ஆக்கள்."

அவர் சிரிக்கவே இல்லை. அவரிடம் தற்காலிகக் கிராணியாக எனக்கு அது ஏழாவது வருடம்.

இன்றும் கார்த்திகையைப் பார்த்தால் அந்த ஆறு பேரை விட்டுவிட்டு மற்றவர்களைத்தான் தேடுகிறேன். பாவி மனிதர், அவருடைய தொலைநோக்கி இல்லாமல் ஒருவரும் கண்ணில் படமாட்டேன் என்கிறார்கள்.