கடைச் சாவி சாமியிடம் போன காலை

பெஹாலாவில் என் கடைக்கு வந்து பாருங்கள், சுவர் முழுக்கப் பூட்டுகள். சால்ட் லேக்கில் கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்து வேலை பார்க்கும் என்ஜினீயர்கள் வீட்டுச் சாவியைத் தொலைத்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர்களெல்லாம் பெரிய படிப்பு. நான் ஆறாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. அவர்கள் டீ போடட்டுமா என்று கேட்டு முடிப்பதற்குள் கதவைத் திறந்து கொடுத்துவிட்டுப் படியிறங்கிவிடுவேன். பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கை எங்கே தொடங்கியது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா ஊரைவிட்டு வங்காளத்துக்கு வந்து, பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் இட்லிக் கடை போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. சந்துக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள், புளித்த மாவு வாசனைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வருஷம் விஸ்வகர்மா பூஜைக்குச் சந்து முனை ரிக்‌ஷா ஸ்டாண்டில் சாமி வைத்தவர்கள், மதியச் சாப்பாட்டை எங்கள் கடையில் சொல்லிவிட்டார்கள். எண்பது பேருக்குப் புளியோதரையும் வடையும். அப்பா நடந்த நடையே மாறிவிட்டது. “இது நல்லா அமைஞ்சா இந்தச் சந்துல நாம நிலைச்சோம். சொதப்பினா மூட்டை கட்ட வேண்டியதுதான்” என்று அம்மாவிடம் சொன்னார்.

நம் ஊரில் நவராத்திரி வரைக்கும் காத்திருந்து செய்கிற ஆயுத பூஜையை இங்கே புரட்டாசி பிறக்கும்போதே விஸ்வகர்மாவுக்குச் செய்துவிடுகிறார்கள். சுத்தியல், ஸ்பேனர், ரம்பம் எல்லாம் சாமி காலடிக்குப் போய்விடும். மறுநாள் சாமியைக் கரைக்கக் கிளப்பும்வரை ஒருவரும் தொட மாட்டார்கள். அன்று காலை அப்பா சித்தப்பாவிடம், “நம்ம பேருக்கும் ஏதாவது ஒண்ணு கொண்டுபோய் வை” என்றார். அவர் மனதில் இருந்தது ஒரு பழைய கரண்டி. சித்தப்பா ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கரண்டி வைத்தால் கடைக்குக் கௌரவமில்லை என்று நினைத்துவிட்டார். கடையைப் பூட்டி, சாவிக்கொத்தைக் கொண்டுபோய் வைத்து, குங்குமம் இட்டுக்கொண்டு வந்தார். மாற்றுச் சாவியும் அதே கொத்தில். அம்மா விடிகாலையில் அரைத்த வடை மாவு, புளிக்காய்ச்சல், அரிசி எல்லாம் கடைக்குள்.

அப்பா ஸ்டாண்டுக்கு ஓடினார். அங்கே தலைவர் மாதிரி இருந்த பெரியவர் ரொம்ப மரியாதையாக, “தாதா, சாமி காலடியில வெச்சதை எடுக்கலாமா? நாளைக்குத்தான்” என்று வங்காள மொழியில் சொன்னார். தாதா என்றால் இங்கே அண்ணன்.

“அப்ப சாப்பாடு?”

“அது ஒரு மணிக்கு.”

அப்போது மணி பத்தரை. கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. சந்தில் சாவி மிஸ்திரி ஒருவர் இருந்தார். எங்கள் கடைப் பூட்டு அவர் செப்பம் செய்து கொடுத்ததுதான். ‘அஞ்சு பின், எந்தத் திருடனாலும் ஆகாது’ என்று அவரே சொன்ன பூட்டு. நான் அவரை மிஸ்திரி காக்கு என்பேன். காக்கு என்றால் இங்கே சித்தப்பா. அவருடைய சாமான் பெட்டியும் சாமியிடம் இருந்தது. கை தன்னிஷ்டத்துக்குப் பூட்டைத் தொட்டுவிடுமோ என்று பயந்தவர்போல இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

சித்தப்பா ஒரு செங்கல்லைத் தூக்கினார்.

“அடிச்சா செங்கல்லும் சுத்தியல்தான்” என்றார் மிஸ்திரி காக்கு.

சித்தப்பா செங்கல்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கீழே வைத்தார்.

நான் திறக்கிறேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை, அவ்வளவு கவலை. இரண்டு மாதம் முன்பு குப்பையில் கிடந்த பூட்டு ஒன்றைப் பிரித்து, அதன் ஸ்பிரிங் ஒரு வாடிக்கையாளரின் சாம்பாரில் கிடைத்து, நான் வாங்கிய அடி எல்லாருக்கும் தெரியும். அடி வாங்கினாலும் உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டேன்.

பூட்டில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. சாவி நுழையும் இடத்தில் ஓர் உருளை. அது சுழன்றால் பூட்டு திறக்கும். சுழலவிடாமல் தடுப்பவை பின்கள். மேலே ஒன்று கீழே ஒன்று என்று ஜோடி ஜோடியாக நிற்கும், ஒவ்வொரு ஜோடியின் தலையிலும் ஒரு ஸ்பிரிங் அமுக்கும். மினிபஸ் படியில் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே என்று தொங்குகிறவன் இருந்தால் கதவை மூட முடியுமா? அந்த மாதிரி மேல் பின், பாதி உருளைக்குள்ளும் பாதி வெளியிலுமாக நிற்கும். சரியான சாவியின் பற்கள் ஒவ்வொரு ஜோடியையும் அததற்கு வேண்டிய உயரத்துக்குத் தூக்கிவிடும். மேல் பின் முழுக்க வெளியே, கீழ் பின் முழுக்க உள்ளே, உருளைக்கு வழி கிடைத்துவிடும். சாவி இல்லாதவன் உருளையை லேசாகத் திருகிப் பிடித்தபடி பின்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒன்று தன் இடத்தில் போய் நின்றதும் ‘டிக்’ என்று விரலுக்குத் தெரியும், காதுக்கு அப்புறம்தான்.

மிஸ்திரி காக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “சின்னப் பையன், உள்ளே கெடுத்துடுவான். நாளைக்கு நானே திறந்து தரேன்.”

“நாளைக்கு வடையை யாரு திங்கறது?” என்று கேட்ட அம்மா, கொண்டையிலிருந்து இரண்டு ஊசிகளை உருவி என் கையில் வைத்தாள்.

எல்லாரும் ஸ்டாண்டுப் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் கொண்டை ஊசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது தலைக்குப் போடறது. பையன் மிஸ்திரி இல்ல. தோஷமில்ல” என்று தீர்ப்புச் சொன்னார். அவருக்கும் பசி வரத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஓர் ஊசியைப் பல்லால் வளைத்து உருளையைத் திருகிப் பிடித்தேன். மற்றதை நீட்டி உள்ளே விட்டேன். விரல் நுனி வெளுத்துவிட்டது. மிஸ்திரி காக்கு என் தோளுக்கு மேலே குனிந்து, “ஏய் மதராஸி, உங்கப்பா சட்டினி அரைக்கிற மாதிரி குடையாதே” என்றார். அவருக்கு என்னைவிட அதிகமாக வேர்த்துக்கொண்டிருந்தது. ஒரு டிக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். மூன்றாவதைத் தேடப் போனபோது உருளை சுழன்று, கொக்கி எகிறியது.

எண்பது பேரும் ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டார்கள். மூக்கைச் சுளித்தவர்கள் இரண்டாம் தடவை புளியோதரை கேட்டார்கள். அப்பா பரிமாறிக்கொண்டே என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தார். அவர் கொஞ்சினால் அப்படித்தான். மறுநாள் மிஸ்திரி காக்கு தானாகவே வந்து, காசு வேண்டாம் என்று, பூட்டைக் கழற்றிப்போய்ச் செப்பம் செய்து கொண்டுவந்து மாட்டினார். அதற்கப்புறம் ஒரு மாதம் நானும் ரகசியமாக அதை ஊசியால் திறக்க முயன்றேன். அசையவே இல்லை. பூஜையன்று சாமி என் விரலில் இருந்தது, இப்போது இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

எத்தனையோ வருஷம் கழித்து, பெஹாலாவில் கடை போட்ட புதிதில், மிஸ்திரி காக்கு செப்பம் செய்த பூட்டு ஒன்று பழைய சந்திலிருந்து என்னிடம் வந்தது. பிரித்தேன். ஐந்து குழி, இரண்டில்தான் பின். மூன்று காலி. தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். ஐந்தையும் நிரப்பி மூடி, கொண்டுவந்த பெண்ணிடம் நல்ல பூட்டு என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பூஜையன்று பந்தியில் மிஸ்திரி காக்கு என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, தன் பூட்டையே திறந்தவன், லட்சத்தில் ஒரு கை, பூட்டின்மேல் குற்றமே இல்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தன் இலையிலிருந்த வடையை எடுத்து எனக்குக் கொடுத்தார். இத்தனை பெரிய மிஸ்திரிக்குக் கொஞ்சம்கூடப் பொறாமையே இல்லையே என்று வியந்துகொண்டு, நான் அந்த வடையைத் தின்றேன்.