சஹனுக்கு ஆறாவது ஆள்

நேரிற் கண்டவற்றையும் காதாற் கேட்டவற்றையும் தவிர வேறெதையும் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் எளிது. இந்நிகழ்ச்சி புத்தளத்துக் கடைகளிலும் சிலாபத்துப் பேருந்துகளிலும் ஏற்கெனவே உலவிக்கொண்டிருக்கிறது. உலவும் வடிவத்தில் நான் ஒரு முழு ஆட்டை உண்டிருக்கிறேன். அன்றைய விருந்தில் ஆடே இல்லை, கோழிதான் இருந்தது. அதிலும் என் பங்கிற்கு வந்தது ஒரு கால். பிறர் பணியை மதிப்பிடச் சென்றவன் தன்னைப் பற்றிய மதிப்பீட்டில் இந்த அளவுக்கேனும் திருத்தம் கோரலாம்.

போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தன. எங்கள் பல்கலைக்கழகம் புத்தளக் கரையோரத்தில் ஒரு கற்கை நிலையத்தை நடத்திவந்தது. அங்கே புவியியல் கற்பித்த இளம் விரிவுரையாளர் ஒருவரின் தகுதிகாண் காலம் முடியவிருந்தது. நியமனம் உறுதியாக வேண்டுமெனின், அவர் விரிவுரை நிகழ்த்துவதை வேறு துறையார் ஒருவர் பார்த்து அறிக்கை தரவேண்டும். பாடத்தை அறியாதவருக்கும் விளங்குகிறதா என்று பார்க்க, பாடத்தை அறியாதவரையே அனுப்புவது பீடத்தின் கொள்கை. தமிழ் கற்பித்துவந்த எனக்குப் புவியியலில் அத்தகுதி குறைவற இருந்தது.

முதல் மதிப்பீட்டில் அவர் தேறவில்லை. நான் செய்யவிருந்த இரண்டாவதும் அவ்வாறே அமைந்தால் பணி முடிந்துவிடும். அவருடைய குடும்பம் தொண்ணூறில் வடக்கின் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தது. இப்போது அவருடைய தகப்பனார் மன்னாருக்குத் திரும்பி, பழைய காணியில் வீடு கட்டத் தொடங்கியிருந்தார். சுவர் எழும்புவது மகனின் சம்பளத்தால் என்பதை அந்நிலையத்தில் எல்லோரும் அறிந்திருந்தனர். என்னிடமும் எல்லோரும் சொன்னார்கள். சொல்லலாகாது என்று தெரிந்தே சொன்னார்கள்.

நிலையத்தை உண்மையில் நடத்தியவர் அதன் பிரதம எழுதுவினைஞர். அன்று அவருடைய மகனின் வலீமா என்னும் திருமண விருந்து. ஆயினும் என் வருகைக்காகக் காலையில் அலுவலகத்துக்கு வந்திருந்தார்.

“சேர், ஒரு பிளேன்டி குடிப்பமா?”

என் பையிலிருந்த தேநீர்க் குடுவையைக் காட்டினேன்.

“அல்லாஹ்வே! எங்கட எடத்துக்கு வந்து ஒங்கட தேத்தண்ணியக் குடிக்கிறதா? இப்பிடிச் செஞ்சா எங்களுக்குத்தானே சேர் மார்க் கொறயும்.”

விதி இருக்கிறதல்லவா என்றேன். அவர் வருந்தவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விதிகளை நோக்கித் திரும்பி, பார்க்காமலே ஒப்புவித்தார்: மதிப்பிடுபவர் மதிப்பிடப்படுபவரிடமிருந்து எதையும் பெறலாகாது, அறிக்கை கையளிக்கப்படுமுன் இருவரும் சேர்ந்து உண்டால் அம்மதிப்பீடு செல்லாது, புதிதாக ஒருவர் நியமிக்கப்படுவார்.

“நான்தானே சேர் டைப் பண்ணினது. இப்ப ஒரு கேள்வி. பகல் சாப்பாடு என்ட மகன்ட. கனமூலை ஊர்ல. சாப்பாடு என்ட, அவர்ட இல்ல. தடை இருக்கா?”

விரிவுரையாளரும் வருவாரா என்று வினவினேன்.

“வருவார்தான். எத்தனயோ சஹன் தட்டு வெக்கிறம் சேர். அவர் ஒரு மூலை, நீங்க ஒரு மூலை.”

விதியை மீண்டும் ஒருமுறை எழுத்தெண்ணிப் படித்தேன். தடை காணப்படவில்லை. இசைந்தேன்.

விரிவுரை, அக்கரையோரக் குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பற்றியது. நான் பின்வரிசையில் அமர்ந்தேன். இளைஞர் திரையைப் பார்த்தே வாசித்தார். குரல் சட்டைப்பைக்குள் விழுந்துகொண்டிருந்தது. திடீரென ஒரு மாணவி எழுந்து, கிணற்றுக்குள் கடல்நீர் ஏறுவதைப் பற்றி அழகானதொரு வினாவைத் தொடுத்தாள். மற்றொருவன் எழுந்து, “நல்ல கேள்வி” என்றான். மூன்றாமவன் அவ்வினாவுக்கு விடையே சொல்லத் தொடங்கினான்.

விரிவுரையாளர் திகைத்தார். “இத நான் இன்னும் சொல்லவே இல்லையே. இது அடுத்த பக்கத்துலதானே வருது?”

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, ஒவ்வொரு வரிசையாகப் பரவிற்று. வெளியிலிருந்து வரும் ஒருவன் முன்னால் தங்கள் சேர் குறைந்துபோகலாகாது என்று பிள்ளைகள் ஒத்திகை பார்த்திருந்தார்கள். பதற்றத்தில் அவர் பாடத்தை வழக்கத்தைவிட மெதுவாக நகர்த்துவார் என்பதை மட்டும் ஒத்திகையில் சேர்க்கவில்லை. அதன்பின் அவரால் மீளமுடியவில்லை. நேரம் முடியுமுன்னரே விரிவுரை முடிந்தது.

வெளியே வந்து என்னிடம் சொன்னார்: “சேர், இது எனக்குத் தெரியாது. பிள்ளைகளில கோவிக்காதீங்க. ஆனா நடந்தத நடந்தபடியே எழுதுங்க.”

அப்படித்தான் எழுத வேண்டும். என்ன எழுதவேண்டியிருக்கும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

கனமூலையில் பந்தல் நிறைந்திருந்தது. அங்கே உணவு தனித்தனித் தட்டுகளில் வருவதில்லை. சஹன் என்னும் அகன்ற தட்டைச் சுற்றி அறுவர் அமர்வர்; ஆறு பேர் சேராதவரை சஹன் வைக்கப்படாது. எங்கள் வட்டத்தில் ஐவர் இருந்தோம். எனக்கு வலப்புறம் எத்தாளை என்ற ஊரின் வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர். இடப்புறம் ஒரு புடவை வியாபாரி. பசி முற்றிய வியாபாரி வாசலைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டார். எழுதுவினைஞர் ஆறாவது ஆளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து என் எதிரே அமர்த்தினார்.

விரிவுரையாளரும் நானும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

“என்ன இது, பந்து வெளயாட்டா? இரிங்க!” என்றார் தோட்டக்காரர்.

நான் வேறொரு வட்டத்துக்குப் போக, தோட்டக்காரரும் வியாபாரியும், விருந்தாளியைத் தனியே விடுவது மரியாதையன்று எனக் கருதி, என்னுடனேயே வந்தனர். அவ்வட்டத்திலும் ஐவரானோம். விரிவுரையாளர் எனக்கு வழிவிடும் நோக்கத்துடன் பந்தலின் மறுகோடிக்குச் சென்றிருந்தார். எழுதுவினைஞர் அங்கிருந்தும் அவரை மீட்டுவந்தார்.

“இவரோடு நான் உண்ணலாகாது” என்றேன்.

“சேர், பின்னால பாருங்க, சனம் நிக்குது. ஆறு இல்லாட்டி சஹன் வராது. இந்த நாலு பேரும் என்ன குத்தம் செஞ்சாங்க?” என்று சொல்லிவிட்டு, நான் மறுமொழி சொல்லுமுன் அடுத்த வட்டத்துக்கு ஓடிவிட்டார்.

சஹன் வந்தது. சோற்றின் மேல் பொரித்த கோழி வீற்றிருந்தது. அதைப் பிய்த்துப் பகிர்வது வட்டத்தில் இளையவரின் கடமை. விரிவுரையாளர் ஐவருக்குப் பங்கிட்டார். என் பங்கைத் தொடவில்லை.

“மாமா, சேருக்கு நீங்க வைங்க. நான் வெக்கக் கூடாது.”

“ஏன் தம்பி, ஒங்கட கையில என்ன புண்ணா?” என்றார் தோட்டக்காரர்.

“சேர் எனக்கு மார்க் போட வந்தவர். நான் வெச்சா லஞ்சம் மாதிரிப் போயிரும்.”

வியாபாரி வாய்விட்டுச் சிரித்தார். “கோழிக்காலுக்கு வேல கெடைக்கும் எண்டா நான் எப்பயோ பேராசிரியர்.”

நான் சோற்றின் என் பக்கத்து எல்லையை மட்டும், கோடு கிழித்ததுபோல், உண்டுகொண்டிருந்தேன். தோட்டக்காரருக்கோ மதிப்பெண்களில் ஆர்வமில்லை.

“தம்பி படிச்ச ஆள்தானே. எங்கட தோட்டத்துக் கெணறு முந்தித் தேன் மாதிரி. இப்ப கரிக்குது. நாங்க என்ன பாவம் செஞ்சம்?”

இளைஞர் கையைக் கழுவினார். சிவந்த சர்பத்துப் பாகைக் குவளையில் கொஞ்சம் வார்த்தார். அதன்மேல் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்துத் தண்ணீரை மெல்ல இறக்கினார். தண்ணீர் கலக்காமல் மேலே நின்றது. ஓர் உறிஞ்சுகுழாயை எடுத்துத் தோட்டக்காரரிடம் நீட்டினார்.

“மாமா, கீழ இருக்கிறது கடல். மேல இருக்கிறது மழைத்தண்ணி. மணல்ல எறங்கி, கடல்தண்ணிக்கு மேல மெதக்குது. இந்தக் குழாய்தான் ஒங்கட மோட்டர். மேலாப்புல வெச்சு மெதுவா உறிஞ்சுங்க.”

“தண்ணிதான்” என்றார் தோட்டக்காரர், உறிஞ்சிப் பார்த்து.

“இப்ப வெங்காயத்துக்கு எறைக்கிற மாதிரி உறிஞ்சுங்க.”

தோட்டக்காரர் கன்னங்கள் குழிய இழுத்தார். கீழிருந்த சிவப்பு, குழாயை நோக்கிக் கூம்பாக எழுந்து உள்ளே ஏறியது.

“இனிக்குது!”

“அதான் மாமா ஒங்கட கெணத்துல உப்பு. கடல் களவா வரல்ல, நீங்கதான் கூப்பிட்டீங்க.”

“எல்லாத் தோட்டத்துலயும் ஒண்டா எறைக்கிறமே. அப்ப ஒருத்தன் மட்டும் நிப்பாட்டி என்ன வரும்?” என்றார் அவர். குரலில் விளையாட்டு இல்லை. அதற்கும் இளைஞர் பொறுமையாக விடை சொன்னார். பக்கத்துச் சஹன்காரர்கள் உண்பதை நிறுத்தி எட்டிப்பார்த்தனர். எனக்கும் முழுவதும் விளங்கிற்று. பாடத்தை அறியாதவன் என்ற தகுதியை அங்கேயே இழந்தேன். காலையில் எழும்பாத குரல் இப்போது பந்தலின் பாதியை எட்டியது.

ஆனால் இது விரிவுரை மண்டபமன்று, குறித்த நேரமுமன்று. இதில் ஒரு சொல்லையும் அறிக்கையில் சேர்க்க எனக்கு உரிமையில்லை. அந்த எண்ணத்தோடு குனிந்தபோது, என் எல்லைக்குள் ஒரு கோழிக்கால் இருந்தது. சற்று முன்னர் அது அங்கே இல்லை. சிறிது ஆராய்ந்தேன். பின்னர் உண்டேன்.

திரும்பியதும் இரண்டு பத்திரங்களைப் பீடாதிபதியிடம் கொடுத்தேன். ஒன்று, விரிவுரை திருப்தியளிக்கவில்லை என்னும் அறிக்கை. மற்றது, அதைக் கையளிக்குமுன் மதிப்பிடப்பட்டவருடன் ஒரே தட்டில் உண்டேன் என்னும் வாக்குமூலம். பீடாதிபதி இரண்டாவதை இருமுறை படித்துவிட்டு, கோழியா என்று மட்டும் கேட்டார். விதிப்படி என் மதிப்பீடு செல்லாததாயிற்று.

அடுத்துச் சென்றவர் கணிதத்துறை அம்மையார். சர்பத்துக் குவளை இம்முறை வகுப்புக்கே வந்ததாம். நாவறண்டிருந்த நேரத்தில் அதை மேசைமேல் வைத்துவிட்டுக் குடிக்கத் தரவில்லையென்று அவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பாடத்தைப் பற்றி அவருக்குக் குறையில்லை. இளைஞரின் நியமனம் உறுதியாயிற்று.

பின்னொரு முறை நிலையத்துக்குச் சென்றபோது, எழுதுவினைஞரின் தேநீரைக் குடித்தபடி நேராகவே கேட்டேன்: அவரை இரண்டு முறையும் என் சஹனுக்குக் கொண்டுவந்தது தெரிந்தேதானா?

“என்ன சேர் கதைக்கிறீங்க! கலியாண வீட்டுல ஆறு பேர் சேக்கிற நேரம் மொகம் பாக்க ஏலுமா?” என்றார். அவருக்குப் பின்னால், சுவரில், அவர் தட்டச்சுச் செய்த விதி இருந்தது.

அவர் அவ்விதியை எண்ணிச் செய்தாரா, ஆள் நிரப்ப மட்டும் செய்தாரா என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கோழிக்காலை என் பக்கம் தள்ளியவர் யார் என்பதும் தெரியாது.