தழும்பில்லாத படம்

சென்ற ஆண்டு மாசி மாதம். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில், என் மனைவியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தைய நாள் காலை. வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேருந்து நிலையத்துப் பக்கமுள்ள ஒரு டிஜிட்டல் லேபிலிருந்து பெரிய சட்டமிட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்த என் மகன், அதைக் கூடத்துச் சுவரில் சாய்த்துத் தாளைப் பிரித்தான்.

"அடேயப்பா, அப்படியே அம்மன் செலயாட்டம் இருக்காங்க!" என்றார் சம்பந்தி. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

நானும் பார்த்தேன். சேலை அவளுடையது. தோடு அவளுடையது. நெற்றியில் இட்டிருந்த திருநீறும் அவளுடையதே. முகம் மட்டும் அவளுடையதாக இல்லை. நெற்றி முதல் மோவாய் வரை அவளுக்கு இருந்த அம்மைத் தழும்புகளில் ஒன்றுகூட அதில் இல்லை. கன்னம் இரண்டும் கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டைப் போல வழவழவென்றிருந்தன.

"என்னடா இது?" என்றேன்.

"நல்லாத்தானப்பா இருக்கு? நாலு பேரு வர்ற எடத்துல அம்மா அழகா இருக்க வேணாமா?"

அந்த 'அழகா' என்ற சொல் என்னைச் சுட்டது. ஏன் சுட்டது என்பது அவனுக்குத் தெரியாது. அதைப் பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம் என்று அவளே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் இதே ஊரில் நெடுங்காலம் ஸ்டுடியோ நடத்தியவன். நாங்கள் பிலிமில் படமெடுத்த காலத்தில் 'டச்சிங்' என்று ஒரு வேலை உண்டு. நெகட்டிவின்மேல் கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்பினால், பிரிண்டில் முகத்துக் குழிகள் மறைந்துவிடும். எனக்குப் பெண் பார்த்தபோது தரகர் கொண்டுவந்த அவளுடைய படத்திலும் எவரோ அந்த வேலையைச் செய்திருந்தார்கள். என்னோடு நேரில் வந்து பார்த்த என் அத்தைமார், "போட்டோவுல ஒண்ணு, நேர்ல ஒண்ணா? ஏமாத்தப் பாக்குறீகளா?" என்று கூடத்திலேயே சத்தமாகக் கேட்டுவிட்டார்கள். காபி கொடுத்துவிட்டுத் தட்டோடு அடுக்களைக்குள் போயிருந்த அவள் காதில் அது விழுந்தது. எனக்கு அவளைப் பிடித்திருந்தது, திருமணமும் நடந்தது. ஆனால் அந்தச் சொல் அவளை விட்டு அகலவில்லை. ஊரார் வீட்டு விசேஷங்களையெல்லாம் படமெடுத்த என் கேமராவின் முன் அவள் மட்டும் நிற்க மறுத்தாள். குடும்பப் படம் என்றால் எவருடைய தோளுக்காவது பின்னால் போய் நின்றுகொள்வாள்.

அப்படியே வெகுகாலம் போயிற்று. ஒரு மாசித் திருவிழாவில் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்து முடித்த கையோடு, மஞ்சள் சேலையைக்கூட மாற்றாமல் நேராக ஸ்டுடியோவுக்கு வந்தாள். கிழக்குச் சன்னலோரம் இருந்த முக்காலியில் அமர்ந்தாள்.

"இப்ப எடுங்க. டச்சிங் கிச்சிங் ஒண்ணும் கூடாது. ஆத்தா போட்ட முத்து. ஒண்ணு குறையாம விழணும்."

நேர் வெளிச்சம் தழும்பை மறைத்துவிடும். பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சமே அதைக் காட்டும். விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டுச் சன்னல் ஒளியில் எடுத்தேன். அவள் மனமுவந்து என்னை எடுக்கவிட்ட படம் அது ஒன்றே. அதைத்தான் துடைத்து எடுத்துவிட்டார்கள். மறுநாள் ஊரும் உறவும் அவளுக்கு விடைகொடுக்க வரும்போது, அவள் வாழ்நாளெல்லாம் எந்தப் பொய்க்குக் கூசினாளோ அந்தப் பொய்க்கே மாலை விழும்.

மூலப் படத்தை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். கணினியின் முன் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார்.

"நாங்க ஒண்ணுமே பண்ணலங்கய்யா. படத்த உள்ள போட்டதும் ஏஐ தானா க்ளீன் பண்ணிருச்சு."

"யாரக் கேட்டு க்ளீன் பண்ணுச்சு? அது என்ன அழுக்கா?"

"கோவப்படாதீங்கய்யா. எறந்தவங்க படம்னா எல்லாரும் இப்படித்தான் கேக்குறாங்க. போன வாரம் ஒரு பெரியவருக்கு கோட்டு சூட்டே மாட்டி விட்டேன். உசுரோட இருந்தப்ப துண்டோட திரிஞ்ச மனுசனாம். வீட்டுல அம்புட்டு சந்தோசம்! உங்களுக்கு வேணும்னா பின்னாடி ஒளிவட்டம் போட்டுத் தாரேன். காசு வேணாம்."

"தம்பி, பழனிக்குப் போயிருக்கீகளா?"

"வருசா வருசம் நடந்தே போறேன்யா."

"மலை மேல அபிஷேகத்துல தேஞ்ச திருமேனியத்தான கும்பிட்டுட்டு வர்றீக? அதையும் உங்க மிஷினுல விட்டு வழவழன்னு ஆக்கிருவீகளா?"

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் அசரவில்லை. "சாமி மூஞ்சிய யாரும் கொற சொல்ல மாட்டாங்கய்யா. மனுச மூஞ்சியச் சொல்லுவாங்கல்ல?"

என் அத்தைமார் அன்று கூடத்தில் சொன்னதைத்தான் அவர் இன்று கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். "உள்ளது உள்ளபடி போடுங்க" என்று மட்டும் சொன்னேன். "வீட்டுல வந்து என்னையத் திட்டக் கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் அதற்கும் எதிர்ப்புதான். "இம்புட்டுப் பெருசா வச்சா குழி குழியால்ல தெரியும், சம்மந்தி" என்றார் சம்பந்தி. மகனோ, "அந்தப் படம் எல்லாருக்கும் வாட்ஸ்அப்புல போயிருச்சுப்பா. இப்ப மாத்துனா ஏன்னு கேப்பாங்க" என்றான். கத்தினேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று ஆளுக்கொரு பக்கம் என்னைச் சமாதானப்படுத்தினார்களே தவிர, ஒருவரும் காதில் வாங்கவில்லை. நான் கொண்டுவந்த படத்தைப் பூசையறைச் சுவரோரம் சாத்தி வைத்தேன்.

மறுநாள் காலை, வழவழத்த அந்த முகத்துக்கே மாலை சாத்தி நாற்காலியில் வைத்திருந்தார்கள். என்னைப் பதிகம் பாடச் சொன்னார்கள். எத்தனையோ வீட்டுக் காரியங்களில் பாடியவன் நான். வாயைத் திறந்தேன், குரல் எழவில்லை. இறைவனைத் திருவடி முதல் திருமுடி வரை ஒன்று விடாமல் கண்டு பாடும் மரபு நம்முடையது. நஞ்சுண்ட கண்டத்தின் கறையைக்கூட மறைக்காமல், அதையே அணியாகப் போற்றிய மொழி இது. அந்த மொழியை இந்தப் பொய்யின் முன் எப்படிப் பாடுவது?

அப்போதுதான் சேவுகம்பட்டியிலிருந்து என் மனைவியின் தங்கை வந்து சேர்ந்தாள். "யக்கா... என்னைய விட்டுப் போயிட்டியே யக்கா" என்று வாசலிலிருந்தே அழுதுகொண்டு வந்தவள், நாற்காலிக்கு அருகில் வந்ததும் நின்றுவிட்டாள். அழுகை பாதியில் அறுந்தது.

"அத்தான், யாரு இது?"

மகன் குறுக்கிட்டான். "அம்மாதான் சித்தி. லேபுல கொஞ்சம் நல்லா..."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அக்காளுக்கு இருந்த அதே தழும்புகள் அவள் முகத்திலும் உண்டு. தன் கன்னத்தில் விரலை வைத்து அவனிடம் காட்டினாள்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் அம்ம வாத்துச்சு அப்பு. ஒரே பாயில, ஒரே வேப்பலைக்குள்ள கெடந்து பொழச்சோம். ஆத்தா அவளுக்குப் போட்டத நீ தொடச்சுப்புட்ட. நாளைக்கு நான் செத்தா, எம் மூஞ்சியையும் அழிச்சுப்புட்டுத்தான் அழுவீகளா?"

சம்பந்தி தரையைப் பார்த்தார். என் மகன் சித்தியின் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் கையாலேயே மாலையைக் கழற்றினான். பூசையறைக்குப் போய் மற்றப் படத்தைத் தூக்கிவந்து நாற்காலியில் வைத்தான். தங்கைக்காரி கீழே அமர்ந்து, கண்ணாடிமேல் அக்காளின் கன்னத்தைத் தடவிக்கொண்டே விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள். எனக்கும் குரல் வந்தது. பாடினேன்.

அந்த வழவழத்த படம் என்னவாயிற்று என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் கடைவீதியில் நடக்கும்போதெல்லாம், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளிலிருந்து மெழுகி எடுத்த முகங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. வெயிலில் கறுத்தவர்களும், உழைத்துச் சுருங்கியவர்களும், நோயில் பிழைத்தவர்களும் செத்த பிறகு ஒரே தோலைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். நெஞ்சு கொதிக்கிறது. அம்மனிடம் எத்தனையோ வேண்டுகிறேன்; இந்தக் கோபம் மட்டும் எனக்கு ஆறிவிடக் கூடாது என்பதையும் அவற்றோடு சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.