பெயர் வைக்காமல் விட்ட கல்வெட்டு

நகுலேஸ்வரன் ஓரிடத்தில் இருக்கமாட்டார். கனடாவின் மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் விமானங்களுக்கு வயர் கட்டும் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் தேநீரை நின்றுதான் குடிப்பார். அவரை இருக்கவைக்கக்கூடிய ஒரே பொருள் எண்பத்தேழில் வாங்கிய அட்டாரி கணினி. விசைப்பலகையும் இயந்திரமும் ஒரே பெட்டி. பக்கத்தில் சிறிய, கனத்த, கறுப்பு வெள்ளைத் திரை. அந்தக் கணினிக்குத் தமிழ் எழுத்துகளை அவரே புள்ளி புள்ளியாக வரைந்து ஏற்றி, மொன்றியல் தமிழர்களுக்குக் கல்வெட்டு அடித்துக் கொடுத்தார். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்போம். எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேரின் கடைசிப் பாராட்டு அவர் விரல்வழியாகத்தான் வந்தது.

2005 கார்த்திகையில் அவர் மனைவி சிவநேசத்தை, இனி மருந்தில்லை என்று வைத்தியர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பராமரிப்பு வேலை படித்துச் செய்து ஓய்ந்தவள். கார்ட்டியர்வில்லில் அவர்களுக்கு அடுத்த தெரு. காலையில் போய் உடம்பு துடைத்து, புண் வராமல் திருப்பிப் படுக்கவைத்து, வாய் சுத்தம் செய்துவிட்டு வருவேன். கட்டில் வரவேற்பறையில், கணினி மேசைக்கு எதிரே கிடந்தது.

சிவநேசம் தன் கல்வெட்டைத் தானே சொல்லி எழுதுவித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இவர் அடிச்ச கல்வெட்டெல்லாத்திலையும் பொம்பிளையள் குத்துவிளக்கு. எனக்கு அது வேண்டாம். சபனெல் தெருத் தையல் பக்டரியிலை சேட்டுக் கொலர் தைச்சன், தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டினன். அதைப் போடட்டும்."

ஒரு நாளைக்கு நாலைந்து வசனம் சொல்வார். பிறகு மூச்சு வாங்கும். நகுலேஸ்வரன் அடித்துவிட்டு எழுந்து நடப்பார். சமையலறை, யன்னல், மறுபடி மேசை.

அந்த வீட்டில் எனக்கு விளங்காதது தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்சாரக் கேத்தில்தான். அதைக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கொதிக்கவைத்தார். மைக்ரோவேவைக் கழற்றி மூலையில் வைத்திருந்தார். கணினியை அணைக்கும் ஆளியின்மேல், ஒருவரும் தட்டாதபடி, நான் புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டரை எடுத்து ஒட்டியிருந்தார்.

"ஏன் தம்பி இந்தக் கூத்து?"

"இஞ்சை கேத்தில் போட்டுப் பியூஸ் போனால் கொம்பியூட்டர் நிண்டிடும் அக்கா."

"நிண்டால் திருப்பிப் போடுங்கோவன்."

அவர் யன்னலடிக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை நான் சிவநேசத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது திரை 'டக்' என்றது. படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி இருண்டது. கணினி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. நகுலேஸ்வரன் திரையைத் தட்டினார், தடவினார், மறுபடி தட்டினார்.

கோடையில் மகள் தனுஷா வாங்கிக் கொடுத்த தட்டைத் திரை கட்டிலுக்குக் கீழே பெட்டியோடு கிடந்தது. அதற்கேற்ற வயரையும் அவரே ஈயம் பற்றவைத்துச் செய்து வைத்திருந்தார், பொருத்திப் பார்த்ததில்லை. நான் திரையை எடுத்து மேசையில் வைத்தேன். பழையதின் செருகியைக் கழற்றக் கை வைத்தேன்.

"அக்கா, தொடாதேங்கோ!"

அந்த வீட்டில் அவர் குரலை உயர்த்திக் கேட்டது அன்றுதான். செருகியை இழுத்தால் இந்தக் கணினி தானாகவே முதலிலிருந்து தொடங்குமாம். சேமிக்காதது எல்லாம் போய்விடுமாம்.

"அப்ப நேசம் சொன்னது?"

"அது உள்ளுக்குத்தான் நிக்குது. சேமிக்கேல்லை."

"இவ்வளவு நாளுமோ?"

"சேமிக்கப் போனால் பேர் கேக்கும் அக்கா. நான் செத்தவையின்ரை பேரைத்தான் குடுக்கிறனான்."

"கத்தரிக்காய் எண்டு குடுத்திருக்கலாமே!"

"கல்வெட்டுக்குக் கத்தரிக்காய் எண்டோ?" என்று கோபித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். மேசையைச் சுற்றினார். எனக்கே தலை சுற்றியது.

கண் மூடிக் கிடந்த சிவநேசம் பேசினார். "இஞ்சருங்கோ. நான் ரெண்டாந்தரம் சொல்லமாட்டன். மூச்சில்லை."

சுற்றிக்கொண்டிருந்தவர் நின்றார்.

"என்ரை பேரை அடியுங்கோ. நீங்கள் அடிச்சோ எனக்கு இந்த நோய் வருத்தம் வந்தது?"

நகுலேஸ்வரன் வந்து கதிரையில் இருந்தார். எதிரே வெறும் இருட்டுத் திரை; ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டார். சேமிப்பதற்கான இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். கொஞ்சம் பொறுத்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். கடைசி விசையின்மேல் விரல் அப்படியே நின்றது.

"அமத்துங்கோ" என்றார் சிவநேசம்.

அழுத்தினார். சேமிக்கும் தட்டு ஓடும் இடத்தில் சிறிய விளக்கு எரிந்தது. கரகரவென்று தட்டு சுழன்று ஓய்ந்தது. விளக்கு அணைந்த பிறகும் அவர் காதை அந்தப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் காத்திருக்கவில்லை. செருகியை இழுத்து, புதிய திரையின் வயரை அந்த இடத்தில் மாட்டினேன்.

புதிய திரையில் முதலில் ஒன்றும் வரவில்லை. சிறு கட்டமொன்று, சமிக்ஞை இல்லையென்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு மூலைக்கு மூலை அலைந்தது.

"உங்களைப்போலை ஓடித் திரியுது" என்றார் சிவநேசம்.

நகுலேஸ்வரன் சிரிக்கவில்லை. வயரைத் தடவிக்கொண்டே போனார். திரையின் பின்பக்கத்தில் செருகி பாதிதான் ஏறியிருந்தது. அழுத்தி, திருகாணியை முறுக்கி, பிளாஸ்டரை உரித்துக் கணினியை அணைத்துப் போட்டார். வெள்ளைத் திரை வந்தது. எழுத்துகள் அகலமாக, சோறு தின்று கொழுத்தவைபோல் இருந்தன. கோப்புகளின் வரிசையில் கடைசியாக அவர் மனைவியின் பெயர். திறந்தார். எல்லாம் இருந்தது.

பழைய திரையில் கட்டிலிலிருந்து ஒரு சொல்கூடத் தெரியாது. இதில் தெரிந்தது. சிவநேசத்தின் முதுகுக்கு இன்னொரு தலையணை வைத்தேன். உதடசைத்து வாசித்துக்கொண்டு போனவர் நின்றார்.

"விருந்தினரைக் கண்டால் முகம் மலர்வார். இது ஆர் சொன்னது?"

நகுலேஸ்வரன் எழும்பப் பார்த்தார்.

"இருங்கோ. ஆக்கள் வந்தால் எனக்கு எரிச்சல் வரும் எண்டெல்லே சொன்னனான்."

"ஆக்கள் வாசிப்பினம் நேசம்."

"வாசிக்கட்டும். அப்பத்தான் சாப்பிட்ட உடனை வீட்டை போவினம்."

அவர் அந்த வரியை அழித்தார். அவர் மனைவி சொன்னபடியே அடித்தார். ஒருவரும் சொல்லாமலே சேமித்தார். விளக்கு எரிந்து, தட்டு கரகரத்தது.

"அடுத்தது எழுதுங்கோ" என்றார் சிவநேசம்.

நான் குளியலறைக்குப் போய்க் கேத்திலை எடுத்துவந்து சமையலறையிலேயே கொதிக்கப் போட்டேன்.